பத்தாம் நம்பர் கால்

என் அக்கா கணவர் கலியபெருமாள் இறந்த செய்தி வந்தபோது நான் பதினோராம் வகுப்பில் உயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து மேசை இழுப்பறையிலிருந்து போனை எடுத்தால், பதினோரு தவறிய அழைப்புகள். எல்லாம் அக்கா மகள் சங்கீதாவிடமிருந்து.

"மாமா, அப்பா போய்ட்டாரு மாமா" என்றாள். "டீ கேட்டாரு. எடுத்துக்கினு போவசொல்லவே..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பின்னால் அக்கா அஞ்சலாட்சியின் அழுகை கேட்டது. அதற்கும் பின்னால் யாரோ ஓர் ஆண், "ஐஸ் பொட்டிக்கு சொல்லியாச்சா?" என்று கேட்டதும் கேட்டது.

விடுப்பு கேட்கத் தலைமையாசிரியரிடம் போனேன். "கூடப்பொறந்தவர் இல்லையே சார்? அரை நாள் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். இதை நான் மறக்கப்போவதில்லை. இப்படிப்பட்டவற்றை மறக்கத் தெரியாததுதான் என் வாழ்நாள் குறை.

மாமாவை ஒதியம்பட்டுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. பஞ்சாலையில் தறி ஓட்டினார். ஆலை மூடிய பிறகு, வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். ஐம்பத்தொன்பது வயதில் போய்விட்டார். சான்றிதழில் ஆங்கிலத்தில் ஏதோ காரணம் எழுதியிருக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் நடந்ததை முதலிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் கால் ஆணியால் இறந்தார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரண்டு வருடம் முன்பு வரை அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்காவைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். மருத்துவப் படிப்பு நேர்காணலுக்கு என்னை சைக்கிளில் வைத்து பாகூரில் எங்கள் வீட்டிலிருந்து புதுச்சேரி வரை மிதித்தவர் அவர். வழியில் கடையில் நிறுத்தி எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார். என் அளவுக்கு ஒரு நம்பர் பெரியது. "இருக்கட்டும் மச்சான், வளர்ற காலு" என்றார். என் கால் அதற்கு மேல் வளரவில்லை. முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு, தொளதொளவென்ற ஷூவில் நேர்காணலுக்குப் போனேன். இடம் கிடைக்கவில்லை. எந்த மதிப்பெண்ணில் தவறியது, அந்த இடம் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. நான் விலங்கியல் படித்தேன். அன்றிலிருந்து மாமாவுக்கு நான் 'அரை டாக்டர்'.

வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும், "அரை டாக்டர கூப்புடு. அரை மாத்திரையாவது எழுதுவான்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவருக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை.

மாமா தன் நாற்பத்தாறாம் வயது வரை ஷூ போட்டவரில்லை. ஆலையில் ரப்பர் செருப்பு, மற்ற நேரத்தில் வெறுங்கால். அதனால் அவர் பாதம் விரல்கள் விரிந்து, அகன்று வளர்ந்திருந்தது. செக்யூரிட்டி வேலையில் சேர்ந்த அன்று, காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் ஒரு சாக்கைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை எடுத்துக் கொடுத்தார்கள். முன்பு வேலை பார்த்து நின்றுபோன யாரோ ஒருவருடையது. எட்டாம் நம்பர். மாமாவின் கால் பத்து. பன்னிரண்டு மணி நேரம் அதில் நிற்க வேண்டும்.

ஆறு மாதத்தில் இடது கால் சுண்டுவிரலின் அடியில் ஆணி விழுந்தது. அழுத்தம் படும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்த தோல் உள்நோக்கி ஒரு கூம்பு போல வளர்ந்து சதையைக் குத்துகிறது. அவ்வளவுதான் கால் ஆணி. அழுத்துகிற ஷூவை மாற்றாமல் ஆணியை மட்டும் வெட்டினால், அது மறுபடியும் வளரும். இதை நான் அவருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சுடுநீரில் ஊறவைத்து, பாதி பிளேடால் ஆணியைச் சீவுவார். பிறகு எருக்கம்பால் வைப்பார். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டிக்கொள்வார்.

"சர்க்கரை இருக்கு மாமா. பிளேடு வைக்காதீங்க."

"ஒம் புக்குல கீற காலு வேற, எங்கிட்ட கீற காலு வேற மச்சான்."

ஏஜென்சி மேற்பார்வையாளரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பத்தாம் நம்பர் ஷூ தரும்படி மரியாதையாகத்தான் கேட்டேன். "அளவு பாத்து ஷூ எடுக்க இது இன்னா மாப்ள அழைப்பா சார்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஆளின் பல்வரிசை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

சரி, நாமே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும்; அப்போது நிற்க வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். ஒரு மாலை, அவர் வேலை முடிந்து வந்ததும், முழுநீள வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்தேன். இடது பாதம் வலதைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது. "கூசுதுடா" என்று நெளிந்தார். அன்று அவருக்குக் கூசியது. இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

தாளைக் கடையில் காட்டி, முன்பக்கம் அகன்ற, மெத்தென்ற அடியுள்ள பத்தாம் நம்பர் கறுப்பு ஷூ ஒன்றை வாங்கி வந்தேன். மாமா அதைப் போட்டுக் கூடத்தில் நான்கு முறை நடந்தார். "கால்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது" என்றார். பிறகு கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்து, பீரோ மேலே ஏற்றிவிட்டார்.

"இன்னா மாமா?"

"சங்கீதா கல்யாணத்துக்குப் போட்டுக்கறேன். இத்த போயி கேட்டாண்ட புழுதில போடுவாங்களா?"

நல்ல பொருளை நல்ல நாளுக்கு எடுத்து வைப்பது எங்கள் வீடுகளின் பழக்கம். புதுப்புடவை, எவர்சில்வர் தட்டு, எதுவானாலும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் தகப்பனார் வெறுங்காலோடுதான் நிற்பார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எவ்வளவோ சொன்னேன். எட்டாம் நம்பரிலேயே வேலைக்குப் போனார். சங்கீதாவின் கல்யாணமும் நடந்தது. மாமா வெறுங்காலோடுதான் நின்றார்.

வலி முற்றி, காலை ஊன்ற முடியாமல் போனபோது, ஒதியம்பட்டுத் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். வலி போனால் தீமிதிப்பதாக வேண்டுதல். சில மாதங்களில் வலி போய்விட்டது. ஆணி அப்படியே இருந்தது. வலி மட்டும் இல்லை.

காப்புக் கட்டிய நாளிலிருந்து காலில் எதையும் போடக் கூடாது. அவர் வெறுங்காலோடு கம்பெனி வாசலில் நின்றார். சரியான அளவில் ஷூ தர முடியாத ஏஜென்சி, சாமி காரியம் என்றதும் பத்து நாள் ஷூவே இல்லாமல் நிற்க அனுமதித்தது.

தீமிதி அன்று மாலை நானும் கூட்டத்தில் நின்றேன். மஞ்சள் வேட்டியில், வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா குண்டத்தில் இறங்கினார். மற்றவர்கள் ஓடினார்கள். அவர் நடந்தார். முகம் சுளிக்காமல், வயலில் வரப்பு பார்க்கப் போகிறவரைப் போல நடந்து பால் குழியில் இறங்கினார். ஊர் கத்தியது. அன்று பென்சில் பட்டதற்கே கூசிய கால் அது.

அக்கா வீட்டில் இருபது பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "பூ மேல நடந்த மாதிரி இருந்திச்சி" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் பேனரே வெச்சிடலாம்" என்றார் ஒரு பங்காளி. நான் செய்ததை இப்போது சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"மாமா, கண்ண மூடுங்க. கால நீட்டுங்க. நான் தொட்டா சொல்லுங்க" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். "அரை டாக்டரு வைத்தியம் பாக்கறாரு, எல்லாரும் கம்முனு இருங்க" என்று கண்ணை மூடி, காலை என் மடியில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் முனையால் அவர் உள்ளங்காலில் அழுத்தினேன். ஓரிடத்தில். பிறகு இன்னோரிடத்தில். பிறகு மேலும் இரண்டு இடங்களில்.

"இன்னும் தொடலியா?" என்றார் மாமா.

அவர் கண்ணைத் திறந்து எல்லோருடைய முகங்களையும் பார்த்தார். பிறகு குனிந்து, தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். சாம்பல் படிந்த தோலில் நான்கு நீலப் புள்ளிகள் இருந்தன.

"அம்மன் இல்ல மாமா. சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சி. வலிக்கலன்னா நல்லாயிடுச்சின்னு அர்த்தம் இல்ல. இனிமே முள்ளு குத்துனாலும் தெரியாது. பத்தாம் நம்பர் ஷூவ எடுத்துப் போடுங்க, தினமும் கால பாருங்க" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன்.

அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "எம் புருசன் காலு ஒனக்கு அறுக்கற தவளையாடா?" என்றாள். "எழுந்திரு. இந்த வூட்டுப் படிய இனிமே மிதிக்காத."

மாமா வேட்டி நுனியில் எச்சில் தொட்டு அந்தப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. பீரோ மேலிருந்து ஷூ இறங்கவும் இல்லை. இறக்கினால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். தனியாக அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்று இன்று நினைக்கிறேன். அன்று எனக்கு நான் சரி என்பது இருபது பேருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சங்கீதா மட்டும் அவ்வப்போது பேசுவாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கம்பெனி வாசலில் வருகைப் பதிவேடு வைக்கும் மேசைக்கு ஒரு சின்னச் சாவி உண்டு. மாமா வீட்டுக்குப் புறப்படும்போது ஷூவைக் கழற்றிக் காவலறையில் வைத்துவிட்டு, சாவியை அந்த ஷூவுக்குள்ளேயே போட்டுவிட்டு வருவார். பத்திரமாக இருக்கட்டும் என்று. அன்று காலை மறந்து, அப்படியே காலை நுழைத்துக்கொண்டார். சாவியைக் காணோம் என்று பகல் முழுவதும் கம்பெனியே தேடியிருக்கிறது. மேசைக்கு அடியில், சாக்கடையில், தோட்டத்தில். மாமாவும் எல்லோருடனும் நடந்து நடந்து தேடியிருக்கிறார். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் சாவி உள்ளே.

"அப்பாவே சொல்லி சொல்லி சிரிக்கிறாரு மாமா."

"கால்ல புண்ணு இருக்கா பாத்தியா?"

"லேசா கீறல்தானாம். ஆணிப் பிளாஸ்திரி ஒட்டிக்கினாராம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்; துண்டித்தாள். மாமா எடுக்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போகாமல் கம்பெனி வாசலுக்கு வண்டியை விட்டேன்.

மாமா சீருடையில், தொப்பியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பேரு எழுதுங்க சார்."

"மாமா..."

"எழுதுங்க சார். ரூல்ஸு."

பெயர் எழுதினேன். 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் கலியபெருமாள் என்று எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தில், கால் என்று எழுதினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அவருக்கு டூட்டி நேரத்துல விசிட்டர் அலவ் இல்ல சார்" என்றார்.

அவருடைய இடது ஷூவின் கயிறு முழுவதும் தளர்த்தப்பட்டிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. அங்கேயே மண்டியிட்டு அந்த ஷூவைப் பிடுங்கியிருக்க வேண்டும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போனார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நானும் கோபக்காரன்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்குள் நாற்றம் எழுந்து, அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அழுகல் எலும்பு வரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்ற அங்கே செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். கொண்டுபோனதுதான் தாமதமாகிவிட்டது.

நான் போய் நின்றபோது அக்கா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மாமா சுருங்கிப் போயிருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

"வாடா அரை டாக்டரு" என்றார். "ஒரு விசயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. இல்லாத காலு வலிக்குதுடா. அந்த ஆணி கீது பாரு, அதே எடம். சுருக்கு சுருக்குனு குத்துது. ஆத்தா வலிய திருப்பிக் குடுத்துட்டா, வாங்கிக்க கால காணோம்."

வெட்டப்பட்ட உறுப்பில் வலி ஏன் தெரிகிறது என்பதற்கு விளக்கம் உண்டு. எனக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"அங்க கொஞ்சம் அமுக்கி வுடேன்" என்றார்.

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், பாதம் இருந்திருக்க வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டு, கட்டைவிரலால் மெத்தையை அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் ஓரமா. ஆங். அங்கதான்."

கண்ணை மூடிக்கொண்டார். முகம் தளர்ந்தது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்று மாலை வரை அந்த மெத்தையை அழுத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும், அவர் வீடு திரும்பி மறுபடி காய்ச்சல் கண்டு கிடந்த நாட்களிலும், போகும்போதெல்லாம் அழுத்தினேன். அவருக்காக நான் செய்தவற்றில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பேனர் வைக்கலாம் என்ற பங்காளியும் இருந்தார். "விதிங்க, இன்னா பண்றது" என்று என் தோளைத் தட்டினார்.

கருமாதிக்குப் புரோகிதருக்குக் குடையும் செருப்பும் தானம் கொடுக்க வேண்டும். போகிற வழி சூடாக இருக்கும், இறந்தவர் கால் சுடாமல் நடக்க வேண்டும் என்பது ஐதிகம். அக்கா பீரோ மேலிருந்து டப்பாவை இறக்கினாள். "புதுசாவே கீது. அவரு ஆசையா வெச்சிருந்தது. இத்தயே குடுத்துடுடா" என்றாள். ஷூவைக் கையில் எடுத்தேன். அடிப்பாகம் நீள நெடுக வெடித்து, நசுக்கிய முறுக்கைப் போலத் தூள் தூளாக உதிர்ந்தது. போடாமல் வைத்திருந்தாலே கெட்டுவிடும் பொருள் அது. அக்கா அந்தத் தூளை முந்தானையில் அள்ளினாள்.

வில்லியனூரில் பூசைச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்காமலே ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டார்.

"என்ன நம்பர்?"

"தானத்துக்குதான சார்? எதுவா இருந்தா இன்னா?"

வேண்டாம் என்று திரும்பி, செருப்புக் கடைக்குப் போனேன். பள்ளி மேசையில் இத்தனை வருடமாகக் கிடந்த அந்த வெள்ளைத்தாளைக் காட்டினேன். இரண்டு பாதங்கள், இடது ஒரு நூல் பெரிது. கடைப்பையன் செருப்பைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தான். "அகலமான காலு சார். ஆளக் கூட்டியாந்தா கரெக்டா பாத்துடலாம்" என்றான். வர முடியாது என்றேன்.

நேற்று சங்கராபரணி ஆற்றங்கரையில் கருமாதி நடந்தது. எனக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் இரண்டு கையாலும் கொடுத்தேன். புரோகிதர் சின்ன உருவம். பத்தாம் நம்பரில் காலை நுழைத்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட் பட்டென்று சத்தம் எழ மேடேறிப் போனார். அக்கா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு செரியா இருக்குமாடா?" என்றாள்.

"சரியா இருக்கும்க்கா" என்றேன்.

எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னது என் வாழ்வில் அதுவே முதல் தடவை. அவள் தலையாட்டிக்கொண்டாள்.

நிதானமா நடங்க மாமா. கால் கூசுனா நின்னுக்குங்க.